மேலே கோயில் இருக்கான்னு கேளு

வெலிங்டன் நகரத்தின் நடுவில் சமதரையில் நிற்கிறீர்கள் என்றால், அது அநேகமாகக் கடலைத் தூர்த்து எடுத்த இடமாக இருக்கும். மற்றதெல்லாம் மேடுதான். தெருவிலிருந்து வாசல் வரைக்கும் எண்பது படி, நூறு படி ஏறுகிற வீடுகள் இங்கே சர்வசாதாரணம். வசதியுள்ளவர்கள் வீட்டுக்கென்றே குட்டி கேபிள் கார் போட்டுக்கொள்கிறார்கள். வசதியில்லாதவர்கள் பால் வாங்க மறந்த அன்றைக்குக் கடுங்காப்பி குடிக்கிறார்கள்.

நியூசிலாந்தின் தலைநகரம் என்று பேர். ஆனால் கடலுக்கும் காட்டுக்கும் போக மிச்சமிருப்பதில்தான் ஊர். 1839ல், இங்கே குடியேற ஆள் வருவதற்கு முன்பே, நிலம் விற்கக் கிளம்பிய நியூசிலாந்து கம்பெனி லண்டனிலிருந்து ஓர் உத்தரவு எழுதியது: ஊரைச் சுற்றி ஒரு பட்டை நிலத்தைப் பொதுமக்களுக்கு விட்டுவை, அதில் யாரும் வீடு கட்டக் கூடாது. அதுதான் டவுன் பெல்ட். யாருடைய நிலத்தை யார் ஒதுக்கினார்கள் என்று இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளைக் கேட்டால் கதை வேறு. எப்படியோ, இன்றைக்கும் ஆபீஸிலிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். சனி ஞாயிறு வந்தால் பாதி ஊர் ஏதாவது ஒரு ட்ராக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த ஊருக்குத்தான் மார்கழி மாதம் ஒட்டன்சத்திரத்திலிருந்து என் மாமியார் வந்து இறங்கினார்.

"வாக்கிங் போலாமாம்மா?" என்று மனைவி கேட்டதற்கு அத்தையின் பதில்: "எனக்கு என்ன சுகரா?"

நடக்க முடியாதவர் இல்லை. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குச் செருப்பில்லாமல் பழனிக்குப் பாதயாத்திரை போய், அதே காலோடு மலையும் ஏறுகிறவர். ஆனால் மலை என்று இருந்தால் உச்சியில் யாராவது குடியிருக்க வேண்டும். போனால் ஒரு சிட்டிகை திருநீறாவது கைக்கு வர வேண்டும். சும்மா ஏறிச் சும்மா இறங்குவதெல்லாம் வேலையற்றவர்கள் செய்வது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அத்தை என்னிடம் நேராகப் பேச மாட்டார். மாப்பிள்ளை மரியாதை. "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். நான் எதிரில் தட்டோடுதான் உட்கார்ந்திருப்பேன். மனைவி போனிலிருந்து தலையைத் தூக்காமல் "வேணுமா?" என்பாள். "போதும் அத்தை" என்று நான் நேராகச் சொன்னாலும், "போதுமாம்மா" என்று மகள் சொன்ன பிறகுதான் அடுப்பு அணையும்.

முதலில் சுலபமாக ஆரம்பிக்கலாம் என்று கேபிள் காருக்குக் கூட்டிப்போனோம். லாம்ப்டன் கீ கடைவீதியிலிருந்து கெல்பர்ன் மேட்டுக்கு ஏறும் சிவப்பு வண்டி, 1902லிருந்து ஓடுகிறது. பார்த்ததுமே அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, விஞ்சு!" பழனியில் முடியாதவர்களை மேலே இழுத்துப்போகிற வண்டியேதான். ஏறி உட்கார்ந்து புடவையைச் சரிசெய்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேலே இறங்கினால் ஒரு பக்கம் தாவரவியல் பூங்கா, ஒரு பக்கம் கேபிள் கார் மியூசியம்.

"கோயில் எங்கன்னு கேளு."

"இங்க கோயில் இல்லியாம்மா."

"அப்புறம் எதுக்கு விஞ்சு?"

நூறு வருஷத்துக்கு மேலாக ஓடுகிற வண்டியைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னிடம் பதிலும் இல்லை.

அடுத்தது மவுண்ட் விக்டோரியா. 196 மீட்டர்தான். ஆனால் நியூசிலாந்தின் இரண்டு பெரிய தீவுகளுக்கும் நடுவே இருக்கிற குக் நீரிணை வழியாகப் பிதுங்கி வருகிற காற்று அந்த உச்சியில் ஆளைச் சாய்த்துவிடும். இந்த ஊர்க்காரர்கள் குடை வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டவர்களின் குடைகள் குப்பைத்தொட்டியில் கம்பி நீட்டிக் கிடக்கும். அத்தை பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, முந்தானையில் வரிசையாக ஊக்கு என்று சகல ஏற்பாடுகளோடும் வந்தார்.

அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அன்டார்டிகாவை ஆராய்ந்த அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பர்டுக்காகக் கட்டியது. கூடார வடிவம், தென்துருவத்தை நோக்கி நிற்கிறது, அவருடைய மார்பளவுச் சிலையும் உண்டு. நான் வண்டியைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அத்தை அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சாமி எந்தப் பக்கம் பாத்து இருக்காருன்னு கேளு."

"தெற்காம்மா."

"தெக்கயா? அப்ப தட்சிணாமூர்த்தி." கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

அது சாமியில்லை, கப்பற்படை அதிகாரி, 1929ல் தென்துருவத்துக்கு மேலேயே விமானத்தில் பறந்தவர் என்று மனைவி வழியாக விளக்கினேன். அத்தை ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "திரும்பி வந்தாரா?"

"வந்தாராம்."

"வந்துட்டாருல்ல? அப்ப கும்பிட்டா தப்பில்ல."

பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சுற்றுலாக் குடும்பம் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தது. அந்த அப்பா தன் பையனிடம் ஏதோ கிசுகிசுக்க, பையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

மனைவிக்கு லீவு கிடைக்காத ஒரு நாளில் நானும் அத்தையும் மட்டும் ஓட்டாரி-வில்டன்ஸ் புஷ்ஷுக்குப் போக நேர்ந்தது. நூறு ஹெக்டேர் காடு. கூடவே நியூசிலாந்தின் சொந்தச் செடிகளுக்கு மட்டுமேயான தோட்டம். 1926ல் லெனர்ட் காக்கெய்ன் என்ற தாவரவியலாளர் ஆரம்பித்தது. இடம் அருமை. ஆனால் நடுவில் தூது சொல்ல ஆள் இல்லை. கொஞ்ச தூரம் மௌனமாகவே நடந்தோம். அப்புறம் அத்தை ஒரு பெரணியைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குத் தாகமா இருக்கும்" என்றார். நானும் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

நல்லவேளையாக ஒரு விசிறிவால் குருவி வந்து சேர்ந்தது. பீவாகாவாகா என்பார்கள். நடக்கிறவர்கள் கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிக்க, வாலை விரித்து விரித்துக் கூடவே வரும். அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் குருவி வழியாகத்தான்.

"மாப்பிள்ளை முன்னாடி போறாரே, புதர்ல பாம்பு இருக்கும்னு தெரியாதா?"

"இந்த நாட்டிலேயே பாம்பு கிடையாது அத்தை."

அத்தை குருவியைப் பார்த்தார். குருவி எதையும் உறுதி செய்யவில்லை. ஒரு குச்சியை எடுத்து இரண்டு பக்கமும் தட்டிக்கொண்டேதான் மிச்சத் தூரமும் வந்தார்.

பள்ளத்தில் இறங்கும்போது திடீரென்று, "வெத்தலை!" என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் அத்தை ஒரு கவாகவா செடிக்குள் பாதி நுழைந்திருந்தார். அதே இதய வடிவ இலை, காம்பிலிருந்து விரல் விரித்தாற்போல ஓடும் நரம்புகள், கணுக்கணுவாக முடிச்சு விழுந்த தண்டு. அத்தை கண்டுபிடித்தது சரிதான்: கவாகவா, வெற்றிலை, மிளகு எல்லாம் ஒரே குடும்பம். இங்கே கிள்ளக் கூடாது என்றதும், "கிள்ளலியே, தொட்டுத்தானே பாக்கறேன்" என்று குருவியிடம் சொல்லிவிட்டு இலையை விரலால் நீவி முகர்ந்தார். உடனே முகம் சுருங்கிவிட்டது. இலை முழுக்க வட்ட வட்டமாக ஓட்டை.

"இப்படியா பூச்சி அரிக்க விட்டுவைப்பாங்க? எங்க ஊர்ல கொடிக்கால் போட்டவன் இதப் பாத்தா அழுதுருவான்."

ஒரு அந்துப்பூச்சியின் புழு தின்கிற ஓட்டை அது என்றும், மருந்துக்கு எடுக்கும்போது மாவோரிகள் ஓட்டை விழுந்த இலையைத்தான் தேடி எடுப்பார்கள் என்றும் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "புழுவுக்குத் தெரியும் எது நல்ல இலைன்னு" என்றார். இந்த நாட்டில் அவர் மனதார ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான். பிறகொரு நாள் கடையில் கவாகவா டீ பாக்கெட்டைக் காட்டியபோது ரொம்பவும் வருத்தப்பட்டார். "பாக்கு கிடைக்காம, வெத்தலையக் காயவெச்சு வெந்நீர்ல போட்டுக் குடிக்கிறாங்க, பாவம்."

அதே காட்டில் எண்ணூறு வயது ரீமு மரம் ஒன்று இருக்கிறது. அதைக் கும்பிடலாமா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

சீலாண்டியாவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். பழைய நீர்த்தேக்கப் பள்ளத்தாக்கில் அமைந்த பறவைச் சரணாலயம், 225 ஹெக்டேர். எலி, பூனை, ஸ்டோட், போசம் போன்ற பிராணிகள் எதுவும் உள்ளே வராமல் 8.6 கிலோமீட்டருக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டுப் பறவைகளுக்கு இவற்றோடு பழக்கமே இல்லாததால் சுலபமாக இரையாகிவிடும். அதனால் உள்ளே போவதற்கு முன் பைக்குள் எலி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்வார்கள். வாசலில் நின்ற பெண் சிரித்த முகமாகத்தான் சொன்னாள். மனைவி அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டாள்.

அத்தை பையைத் திறந்தார். புளியோதரை டப்பா, முறுக்கு, தண்ணீர், துண்டு, தைலம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினார். "நம்ம வீட்ல ஒரு எலி கிடையாதுன்னு சொல்லு. வந்த அன்னிக்கே நான் பரண்லாம் பாத்துட்டேன்னு சொல்லு." அந்தப் பெண் முறுக்கைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். ஒன்று கொடுத்த பிறகு இரு தரப்பும் சமாதானம் ஆனது.

இப்படியே போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன். தைப்பூசம் வந்தது.

நியூலாண்ட்ஸில் குறிஞ்சிக் குமரன் ஆலயம் இருக்கிறது. மேட்டுமேல் முருகன்; இலங்கைத் தமிழர்கள் நிறைய வருகிற கோயில். அத்தை வந்த புதிதிலேயே காரில் கூட்டிப்போயிருந்தோம். ஆனால் தைப்பூசத்துக்குக் காரில் போனால் முருகன் என்ன நினைப்பார்? "நடந்து போக வழி இருக்கான்னு மாப்பிள்ளையக் கேளு."

இருந்தது. நார்தர்ன் வாக்வே. கெல்பர்னில் ஆரம்பித்து டெ அஹுமாய்ராங்கி மலை, ட்ரெலிசிக் பார்க், காண்டல்லா, மவுண்ட் காவ்காவ் என்று ஏறி இறங்கி ஜான்சன்வில்லில் முடிகிற 16 கிலோமீட்டர். அங்கேயிருந்து நியூலாண்ட்ஸ் பக்கம்தான். இதை வாயை மூடிக்கொண்டு மறைத்திருக்கலாம். மனைவி அதற்குள் மேப்பைக் காட்டிவிட்டாள்.

கெல்பர்ன் வரை கேபிள் காரில் போகலாம் என்றேன். பாதயாத்திரையில் விஞ்சு கிடையாதாம். ஏறினோம். அத்தை செருப்பில்லாமல்தான் வந்தார். ஊரார் என்ன நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்கே வெறுங்காலோடு போகிற நாடு இது.

காண்டல்லாவில் இளைப்பாறக் கடைவீதிக்கு இறங்கினோம். அந்தப் பேட்டையில் தெருக்களுக்கெல்லாம் இந்தியப் பெயர்கள். கடைவீதியே கங்கை ரோடு. சிம்லா, டெல்லி, கல்கத்தா, மெட்ராஸ் எல்லாம் உண்டு. மகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அத்தை கேட்டுக்கொண்டே வந்தார். "ஒட்டன்சத்திரம் எந்தப் பக்கம்?" அவர் விரதம். நான் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று ஒரு 'பை' (pie) பலகாரம் தின்றேன்.

காவ்காவ் மலை 445 மீட்டர். படி படியாக வெட்டியிருக்கிறார்கள், அதற்கு முடிவே இல்லை. ஒரு திருப்பத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். அத்தை இரண்டு படி கீழே இறங்கி வந்தார். மகள் பக்கத்திலேயே நின்றிருந்தும் என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, உக்காந்தா கால் கட்டிக்கும். அரோகரா சொல்லிக்கிட்டே ஏறுங்க, மூச்சு வாங்காது" என்றார். மனைவி வாயைப் பிளந்தாள். எனக்கோ அதை ரசிக்கக்கூடத் தெம்பில்லை. எழுந்தேன்.

"வெற்றிவேல் முருகனுக்கு!" என்று அத்தை குரல் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து நாயோடு ஓடிவந்த ஒரு பெரியவர், தனக்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து, கையைத் தூக்கி மாவோரி மொழியில் கணீரென்று "கியா ஓரா!" என்றார். அத்தைக்கு அது சரியாகவே கேட்டது. அவர் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அதன்பிறகு எதிரே வந்த அத்தனை பேருக்கும் வெற்றிவேல்தான், அத்தனை பேரும் கியா ஓராதான். உச்சியில் டிவி டவர் நிற்கிறது. அத்தை அண்ணாந்து பார்த்து, "கொடிமரம் நல்ல உசரம்" என்றார்.

கோயிலில் ஓர் இலங்கை அம்மா அத்தையின் காலைப் பார்த்துவிட்டு, எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். டவுனிலிருந்து நடந்தே வருகிறோம் என்றதும், "கடவுளே! பஸ் இருக்குதெல்லோ!" என்று பதறிப்போனார். அத்தை பெருமையாகச் சிரித்தார். நான் தூணில் சாய்ந்திருந்தேன்.

ராத்திரி வழக்கம் திரும்பிவிட்டது. "மாப்பிள்ளை முட்டிக்குக் கோடாலித் தைலம் வேணுமான்னு கேளு." தேய்த்துக்கொண்டு படுத்திருக்கையில் அடுத்த அறையில் ஸ்பீக்கர் போனில் ஒட்டன்சத்திரத்துச் சித்தி. வெற்றிலைக் காடு, பையில் எலி தேடுகிற பெண், அரோகரா சொல்கிற வெள்ளைக்காரர்கள் என்று அத்தை சொன்ன எல்லாவற்றையும் சித்தி "அப்படியா, அப்படியா" என்று நம்பிக்கொண்டே வந்தார்.

"அப்புறம், இங்க காட்டுல பாம்பே கிடையாதாம்" என்றார் அத்தை.

சித்தி ஒரு நிமிஷம் பேசவில்லை. "யாரு சொன்னா, மாப்பிள்ளையா? நீ பயந்துக்குவேன்னு சொல்லியிருப்பாரு. குச்சிய மட்டும் விட்டுறாத."