குழந்தையின் மலத்தில் இரத்தம்: காரணத்தைக் கண்டறிந்த அனுபவம்

தாய்ப்பால் மட்டுமே குடித்துவந்த என் மகளுக்கு இரண்டாம் மாதத்தில் மலத்தில் சளியோடு மெல்லிய இரத்த இழைகள் தெரியத் தொடங்கின. அந்த டயப்பரையே ஒரு பையில் இட்டுக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். இரத்தத்தின் நிறமும் அளவும், அது மேலே ஒட்டியிருக்கிறதா உள்ளே கலந்திருக்கிறதா என்பதும் நேரில் தெரிந்தது, எங்கள் வாய்மொழி விளக்கத்தைவிடப் பெரிதும் உதவியது.

எனினும் மலத்தைப் பார்க்கும் முன்பே அவர் குழந்தையை ஆராய்ந்தார். காய்ச்சல், வயிற்று உப்பசம், பச்சை நிற வாந்தி, சோர்வு, எடை குறைவு ஆகிய எதுவும் அவளுக்கு இல்லை. விட்டுவிட்டு வீறிட்டு அழுது கால்களை வயிற்றோடு மடக்குகிறாளா என்று குறிப்பாகக் கேட்டார். குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொண்டால் அப்படி நேரும் என்றும், ஜெல்லி போன்ற சிவந்த மலத்துக்காகக் காத்திராமல் அந்த அழுகையைக் கண்டவுடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்றும் அவர் சொன்னதைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டுமென நினைக்கிறேன்.

பிறகு மற்ற காரணங்கள் ஒவ்வொன்றாக விலகின. மலம் இறுகிப்போகவில்லை, ஆசனவாயில் வெடிப்பும் தென்படவில்லை. என் முலைக்காம்பில் புண் இல்லாததால், பாலோடு என் இரத்தத்தை அவள் விழுங்கியிருக்க வாய்ப்பில்லை. இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி பிறந்தவுடன் போடப்பட்டிருந்ததால், அதன் குறைபாட்டால் வரும் இரத்தக்கசிவுக்கும் வாய்ப்பில்லை. மலப் பரிசோதனையிலும் கிருமித்தொற்று இல்லை. எஞ்சியது, நான் உண்ணும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியே சென்று அவளது பெருங்குடலில் ஏற்படுத்தும் ஒவ்வாமை அழற்சி.

தாய்ப்பாலை நிறுத்திவிடும்படி பலர் வற்புறுத்தினார்கள். அதற்குத் தேவையே இல்லை என்று மருத்துவர் உறுதியாகக் கூறியது எனக்குப் பேராறுதலாக இருந்தது. பால், தயிர், வெண்ணெய் மட்டுமன்றி, பால்பொடி கலந்த பிஸ்கட், ரொட்டி போன்றவற்றையும் அடக்கப் பட்டியலைப் படித்து விலக்கினேன்; கால்சியம் மாத்திரை எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியும் இரத்தம் சில நாட்களில் குறைந்தாலும், முழுமையாக நிற்க 2 முதல் 4 வாரங்கள் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், இடையிடையே இழைகள் தெரிந்தபோது மேலும் பல உணவுகளை விலக்காமல் பொறுத்திருந்தோம்.

இரத்தம் நின்ற பின், அவர் அறிவுரைப்படி மீண்டும் பால் அருந்திப் பார்த்தேன். இழைகள் திரும்பின, காரணம் உறுதியானது. பெரும்பாலான குழந்தைகளைப் போலவே, முதல் பிறந்தநாளையொட்டி அவளுக்கும் பால் ஒத்துக்கொண்டது.