டெஸ்க்டாப் நிரலிலிருந்து உதவிப் பக்கத்தை உலாவியில் திறந்த அனுபவம்

சிறு நூலகங்களுக்காகப் பைத்தானில் நான் எழுதிவரும் டெஸ்க்டாப் மென்பொருளில், எந்தத் திரையில் உதவிப் பொத்தானை அழுத்தினாலும், கணினியிலேயே உள்ள எச்டிஎம்எல் பக்கம் பயனரின் இயல்பு உலாவியில், அந்தத் திரைக்குரிய பகுதியிலேயே திறக்க வேண்டும் என்று விரும்பினேன். இணைய இணைப்பு இல்லாத நூலகங்களும் உண்டு என்பதால், உதவிப் பக்கங்களை இணையத்தில் வைப்பது பொருந்தாது.

பைத்தானின் வெப்பிரவுசர் தொகுதியில் இதற்கென ஓப்பன் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்குக் கோப்பின் பாதையை அப்படியே கொடுக்காமல், கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் தொகுதியைக் கொண்டு முழுப் பாதையாக்கி, ஃபைல் என்று தொடங்கும் முகவரியாக மாற்றிக் கொடுத்தேன். கோப்புறைப் பெயரில் இடைவெளியோ தமிழோ இருந்தாலும் இந்த மாற்றம் அதைச் சரியாகக் குறியாக்கிவிடும். ‘ம’ என்ற ஒரே எழுத்து முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும்.

விண்டோஸில் பக்கம் திறந்தது. ஆனால் எப்போதும் அதன் தலைப்பகுதிதான் தெரிந்தது. முகவரியின் இறுதியில் ஹேஷ் குறியுடன் நான் சேர்த்திருந்த பகுதிப் பெயர் உலாவியை எட்டவே இல்லை. சோதித்துப் பார்த்த நண்பர் ஒருவரின் கணினியிலோ, பக்கம் உரைத் தொகுப்பானில் மூல நிரலாகத் திறந்தது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஃபைல் முகவரியைப் பெறும் இயங்குதளம் அதை வலை முகவரியாகக் கருதாமல் ஒரு கோப்பாகவே கருதி, அந்தக் கோப்பு வகைக்கு எந்த மென்பொருள் ஒதுக்கப்பட்டிருக்கிறதோ அதனிடம் ஒப்படைக்கிறது. எச்டிடிபி முகவரிகளுக்கான ஒதுக்கீடு வேறு, எச்டிஎம்எல் கோப்புகளுக்கான ஒதுக்கீடு வேறு. நாம் இயல்பு உலாவி என்று சொல்லும்போது மனத்தில் கொள்வது முன்னதைத்தான்.

உரிய பகுதிக்குத் திருப்பிவிடும் சிறு பக்கமொன்றைத் தற்காலிகமாக எழுதி அதைத் திறக்கலாம் என்று எண்ணினேன். பகுதிப் பெயர் தொலையும் சிக்கல் அதில் தீர்ந்தாலும், உரைத் தொகுப்பானில் திறக்கும் சிக்கல் அப்படியே நிற்கும். மேலும், உபுண்டு 22.04 முதல் ஃபயர்பாக்ஸ், பிற நிரல்களிலிருந்து தனிமைப்படுத்தி இயக்கப்படும் ஸ்னாப் தொகுப்பாக வருகிறது. பாதுகாப்புக்காக அதற்கெனத் தனியான தற்காலிகக் கோப்புறை ஒதுக்கப்படுவதால், பிற நிரல்கள் பொதுத் தற்காலிகக் கோப்புறையில் எழுதும் பக்கம் அதன் கண்ணில் படாது.

ஆகவே, மென்பொருளுக்குள்ளேயே ஒரு சிறு வலைச் சேவையகத்தை இயக்குவதென்று முடிவு செய்தேன். கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் அது கேட்கும். வெளிக் கணினிகள் அதை அணுக இயலாது. இணைப்புக்கான வாயிலைக் குறிக்கும் போர்ட் எண்ணைச் சுழியம் என்று கொடுத்தால், காலியாக உள்ள ஒன்றை இயங்குதளமே தேர்ந்து தரும். உலாவிகள் தேவைக்கு முன்பே இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவை. எளிய சேவையகம் அத்தகைய இணைப்பொன்றில் காத்துக்கிடக்க நேரும் என்பதால், ஒரே நேரத்தில் பல இணைப்புகளைக் கவனிக்கும், பைத்தான் 3.7இல் வந்த பல இழைச் சேவையகத்தையே பயன்படுத்தினேன். இப்போது உலாவிக்குச் செல்வது எச்டிடிபி முகவரி; எனவே பக்கம் உலாவியிலேயே, உரிய பகுதியிலேயே திறக்கிறது. ஃபைல் முகவரியில் உலாவிகள் தடுத்துவிடும் ஜேசன் என்ற உரை வடிவத் தரவுக் கோப்புகளின் வாசிப்பும் இதில் இயல்பாக நடப்பதால், உதவிப் பக்கங்களுக்குள் தேடல் வசதியையும் சேர்க்க முடிந்தது. எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது அதுதான்.

இதே வழியில் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கன்சோல் எனும் கட்டளைச் சாளரம் இல்லாத நிரலாகத் தொகுத்து விண்டோஸில் இயக்கினால், பிழைச் செய்திகளுக்கான வெளியீட்டுத் தடமே இருக்காது. ஒவ்வொரு கோரிக்கையையும் அங்கே பதிவு செய்ய முயலும் சேவையகம், பதிலை அனுப்புமுன்பே எந்த அறிவிப்பும் இன்றி முறிந்துவிடும். உலாவிக்கு ஒன்றும் வந்து சேராது. சேவையகத்தின் பதிவுச் செயற்கூறை எதுவும் செய்யாத ஒன்றாக மேலெழுதிவிட்டால் போதும்.