ஜனவரிப் பொழுதுகள்

ஜனவரி 5, ஞாயிறு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்கு ஆர் வந்தாலும் அம்மாவிடம் ஒரே கேள்வி: "பொடியனுக்குப் பொழுது எப்பிடிப் போகுது?" நான் பக்கத்தில்தான் இருப்பேன். அம்மாவும் "ரிவி பார்ப்பான்" என்பா. ரிவிக்கு முன்னால் விடுகிறார்கள், அது உண்மை. எந்தச் சனல் என்பது ரிமோட் வைத்திருப்பவர் பாடு. இன்று பின்னேரம் சின்னம்மா போட்டுவிட்டுப் போன நாடகத்தில் ஒரு மருமகள் விடாமல் அழுதுகொண்டே இருந்தாள்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு: வயது 23. பிறந்ததிலிருந்து பெருமூளை வாதம். கை கால் சொல்வழி கேட்காது. பேச்சு அம்மாவுக்கும் மச்சானுக்கும் மட்டும் விளங்கும். 'ஓம்' என்றால் கண்ணை மேலே தூக்குவேன், 'இல்லை' என்றால் முகத்தைத் திருப்புவேன். இதை வலது பெருவிரல் மொளியால் போனில் குத்திக் குத்தி எழுதுகிறேன். அடுத்த சொல்லைப் போனே எடுத்துத் தரும். சில வேளை என்னைக் கேளாமல் தான் நினைத்ததைப் போட்டுவிடும், வீட்டில் எல்லாரும் செய்கிற மாதிரி.

ஜனவரி 9, வியாழன்

மாற்றுத்திறனாளிகளுக்கான பகல் நிலையத்துக்குப் போகிற நாள். கனடாவில் ஆருக்கோ பிறந்தநாளாம், அதனால் அவர்கள் செலவில் எங்களுக்குக் கோழிக்கறியும் கேக்கும். ஊட்டும்போது படம் எடுத்தார்கள். வீடியோ கோலில் ஒரு குழந்தை கை காட்டியது. கறி நல்ல ருசி, அதை மறைக்கமாட்டேன். ஆனால் அது அவர்களுடைய கொண்டாட்டம், எங்களை வரிசையில் இருத்தி நடந்த கொண்டாட்டம்.

இன்னொன்று, பயன். எனக்குக் கிடைக்கிற எந்த விளையாட்டுக்கும் ஒரு பயன் இருந்தாக வேண்டும். பந்து கைக்குப் பயிற்சி, களிமண் விரலுக்கு, பாட்டு நாக்குக்கு. எங்கள் சந்தியில் என் வயதுப் பொடியள் மதிலில் ஏறி இருந்து இருட்டும்வரை அலட்டுகிறார்கள். அதனால் எந்தத் தசை பலப்படுகிறது என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பொச்சா விளையாடினோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேணும். 1984 முதல் பராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம். ஒலிம்பிக்கில் இப்படி ஒன்று கிடையாது. வெள்ளைப் பந்து ஒன்று, சிவப்பு ஆறு, நீலம் ஆறு. வெள்ளைக்குக் கிட்ட ஆருடைய பந்து நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. பந்தைப் பிடித்து எறிய ஏலாதவர்கள் ஒரு சரிவான தாங்கியில் வைத்து உருட்டலாம். எங்களுடையது நெடுக்காகப் பிளந்த பி.வி.சி. பைப். அதை நான் சொல்கிற பக்கம் திருப்பிப் பிடிக்க உதவியாளர் ஒருவர். அவருக்கு ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு சுற்றும் முடியும்வரை களத்துக்கு முதுகைக் காட்டியே இருக்கவேணும், திரும்பிப் பார்க்கக்கூடாது.

எனக்கு உதவி செய்கிற அண்ணையின் முகம் அதனால் என் பக்கம்தான். "இடமோ தம்பி? இன்னும் கொஞ்சமோ?" கண்ணைத் தூக்குவேன். "காணுமோ?" தூக்குவேன். மொளியால் நான் தட்டினால்தான் பந்து உருளும். திரும்பிப் பார்க்க ஏலாமல் அண்ணை படுகிற அவதியைப் பார்க்கவே இன்னொரு ஆட்டம் ஆடலாம். என்ன நல்லது என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். என் வாழ்க்கையில் இந்த ஏற்பாடு இங்கே மட்டும்தான்.

தோற்றேன். சாவகச்சேரியிலிருந்து வருகிற பிள்ளை, தலையில் கட்டின கம்பால் தட்டி என்னைத் தோற்கடித்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

முற்றத்தில் மச்சான் மூங்கில் சீவுகிறான். கொக்குப் பட்டம். ரிசுத்தாளுக்கு என்ன நிறம் என்று கேட்டான். ஊதாவும் மஞ்சளும் என்றேன். "கண்றாவியா இருக்குமடா." கண்ணைத் தூக்கினேன். ஒட்டினான். கண்றாவியாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னுடையது. விண்ணும் பூட்டுகிறான். வில்லாக வளைத்த மூங்கிலில் நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றுப் பட்டு அது கூவும். முந்தி பனை நாராம், இப்ப பார்சல் கட்டுகிற பிளாஸ்ரிக் நாடா.

ஜனவரி 14, தைப்பொங்கல்

பொங்கிப் படைத்துவிட்டு ஓட்டோவில் வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவுக்கு. காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் வளர்ந்த ஒருவனைப் படுக்கவைத்து உடுப்பு மாற்ற இடம் கிடைக்காது. எவ்வளவு நேரம் வெளியில் நிற்கலாம் என்பதை என் சலப்பைதான் தீர்மானிக்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகு வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் உறுப்புரை 30, பொழுதுபோக்கும் எங்களுக்கு உரிமை என்கிறது. மணலுக்கு ஒழுங்குவிதி எழுத ஏலாது, விளங்குகிறது. மலசலகூடத்துக்கு எழுதலாம், எழுதியும் இருக்கிறது.

மணலில் என் வீல்செயரின் முன்சில்லுகள் புதைந்தன. மச்சான் செயரைத் திருப்பி, முன்பக்கத்தைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தான். எல்லாரும் கடலைப் பார்த்துப் போக, நான் றோட்டைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தேன். ஒரு ஆச்சி "பாவம்" என்று என் மடியில் நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனா. மச்சான் அதில் கச்சான் வாங்கித் தானே தின்றான். கப்பல் மாதிரி, விமானம் மாதிரி ஆள் உயரத்தை விடப் பெரிய பட்டங்கள். அண்ணாந்து பார்ப்பது எனக்குச் சுலபம், செயரின் தலைதாங்கியே அப்படித்தான் சரிந்திருக்கிறது. கழுத்து நொந்தது மச்சானுக்குத்தான்.

ஜனவரி 15, புதன்

எங்கள் பட்டத்தை இன்று தோட்டவெளியில் ஏற்றினோம். வாடைக்காற்று நன்றாகப் பிடித்தது. மச்சான் நூலைப் பனையில் கட்டி, என் செயரின் கைப்பிடிக்கு மேலால் கொண்டுவந்தான். விண் மேலே கூவக் கூவக் கைப்பிடிக் குழாய் அதிர்ந்தது. முழங்கையில் ஏறித் தோளுக்கு வந்து, தலைதாங்கி வழியாகப் பல்லுக்குள் அதே கூவல். காற்று அடங்கினால் பல்லுக்குத்தான் முதலில் தெரியும், காது பிறகுதான்.

இருட்டினதும் அம்மா வந்தா. "பனி படும் ராசா, உள்ளுக்கு வா."

முகத்தைத் திருப்பினேன்.

"சளி பிடிச்சால் ஆர் பாக்கிறது?"

"மாமி, அவன் இல்லை எண்டுறான்" என்றான் மச்சான். இப்படி ஒருவர் எனக்காக நிறுத்திச் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா சால்வையைச் சுற்றிவிட்டு உள்ளே போனா. பிறகு மச்சானையும் போகச் சொன்னேன். அது அவனுக்கு விளங்கவே நேரம் எடுத்தது. என்னைச் சுற்றி எப்போதும் ஆராவது இருப்பார்கள், இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் அரை மணிநேரம் ஒருவரும் இல்லாமல் இருந்து பார்த்தேன். மூக்கில் நுளம்பு கடித்தது. விரட்ட ஆளில்லை. பரவாயில்லை.

ஜனவரி 17, வெள்ளி

தடிமன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொத்தமல்லித் தண்ணியை வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

ஜனவரி 23, வியாழன்

நிலையத்து அக்கா என் கோப்பில் 'பொச்சா: கண்-கை ஒருங்கிணைப்பில் முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டிருந்தா. போனை எடுத்துத் தரச் சொல்லிக் குத்தினேன்: 'விளையாடினான், தோற்றான் எண்டு எழுதுங்கோ.' சிரித்தா. இரண்டையும் எழுதினா.

சாவகச்சேரிப் பிள்ளையிடம் இன்றும் தோல்விதான். பந்தயம் கட்டியிருந்தோம், தோற்றவர் நல்லூரில் ஐஸ்கிறீம் வாங்கித் தரவேணும். அடுத்த ஞாயிறு. அவளோடு அவளின் அக்கா, என்னோடு மச்சான், அம்மா இல்லாமல். ஓட்டோ அண்ணையிடம் சொல்லியாச்சு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவ இதையெல்லாம் வாசிப்பதில்லை.