விமானம் இல்லாத கோர்: 1914 செப்டம்பர் 5 அன்று ஜெர்மனியின் 4-ஆம் ரிசர்வ் கோர்

போர் வரலாறு படிப்பவர்களில் பலர் படை அமைப்பு அட்டவணைகளைப் புரட்டித் தள்ளிவிட்டு நேராகச் சண்டைக்குப் போய்விடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் படித்தேன். முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர்களின் முன்னேற்றம் பாரிஸுக்கு அருகே தடுக்கப்பட்ட மார்ன் போரைப் பற்றி மூன்றாவது முறையாகப் படிக்கும்போதுதான், 1914 செப்டம்பர் 5 அன்று நண்பகலில் ஒரு ஜெர்மானியத் தளபதி எடுத்த முடிவுக்கான காரணம் முழுவதும் அந்த அட்டவணையின் ஒரு காலி இடத்தில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. அந்தத் தளபதி ஹான்ஸ் ஃபான் க்ரோனாவ். அவருடைய படை 4-ஆம் ரிசர்வ் கோர். கோர் என்பது டிவிஷன் எனப்படும் பெரும் படைப்பிரிவுகள் இரண்டு சேர்ந்தது.

முதலில் ரிசர்வ் கோர் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியப் பேரரசில் இருபது வயதை எட்டிய இளைஞன் காலாட்படையில் இரண்டு ஆண்டுகளோ குதிரைப்படையில் மூன்று ஆண்டுகளோ முழுநேரச் சேவை செய்துவிட்டு வீடு திரும்புவான். ஆயினும் அதன்பின் பல ஆண்டுகள் ரிசர்வ் பட்டியலில் அவன் பெயர் இருக்கும். இடையிடையே பயிற்சிக்கும் அழைக்கப்படுவான். அதைத் தாண்டிய வயதினர் லாண்ட்வேர் என்னும் அடுத்த அடுக்கில் வைக்கப்பட்டனர். 1914 ஆகஸ்டில் படைதிரட்டல் அறிவிக்கப்பட்டபோது, 25 முழுநேரக் கோர்களோடு, பெரும்பாலும் இப்படி வீட்டிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர்களைக் கொண்டே 14 ரிசர்வ் கோர்கள் எழுப்பப்பட்டன. இவற்றை ஜெர்மனி கோட்டைக் காவலுக்கும் பின்னணி வேலைகளுக்கும் ஒதுக்கிவிடும் என்றே பிரெஞ்சுத் தலைமை கணக்கிட்டிருந்தது. அந்தக் கணக்குத் தவறியது. ரிசர்வ் கோர்கள் முதல் நாளிலிருந்தே முன்வரிசையில் முழுநேரக் கோர்களுக்குப் பக்கத்திலேயே நடந்தன. ஜெர்மானியப் படைவரிசையின் வலது பக்கம் பெல்ஜியத்துக்குள் அத்தனை அகலமாக விரிய முடிந்ததற்கு இதுவே முக்கியமான காரணம்.

ஆனால் பெயரளவில் ஒன்றாக இருந்த இந்த இரு வகைக் கோர்களும் ஆயுதத்தில் ஒன்றல்ல. முழுநேரக் கோர் ஒன்றில் 144 களப் பீரங்கிகளும், அவற்றுக்கு மேல் குண்டை உயர வளைத்து வீசும் 15 செ.மீ. கனரக ஹோவிட்சர் பீரங்கிகள் 16-உம், வேவு பார்க்க 6 விமானங்கள் கொண்ட ஒரு பிரிவும் இருந்தன. ரிசர்வ் டிவிஷனுக்கு 36 பீரங்கிகள் மட்டுமே ஒதுக்கப்பட்டன. ஆகவே இரண்டு டிவிஷன்கள் கொண்ட ரிசர்வ் கோருக்குக் கிடைத்தவை 72, அதாவது சரிபாதி. கனரக ஹோவிட்சர் ஒன்றுகூட இல்லை. விமானமும் இல்லை. அட்டவணையில் நான் குறிப்பிட்ட காலி இடம் இதுதான்.

4-ஆம் ரிசர்வ் கோரில் இருந்தவை 7-ஆம் ரிசர்வ் டிவிஷனும் 22-ஆம் ரிசர்வ் டிவிஷனும். முதலாவது மாக்டபுர்க் வட்டாரத்திலிருந்தும், இரண்டாவது காசல், தூரிங்கியா பக்கமிருந்தும் திரட்டப்பட்டவை. இருவேறு கோர் வட்டாரங்களின் ஆட்கள் ஒரே கோரில் வந்து சேர்ந்ததற்கு, காசலைத் தலைமையிடமாகக் கொண்ட 11-ஆம் கோர் வட்டாரத்துக்கெனத் தனி ரிசர்வ் கோர் எழுப்பப்படாததே காரணம். போர் தொடங்கியபோது 63 வயதாகியிருந்த க்ரோனாவ் பீரங்கிப்படையில் வளர்ந்தவர். இந்த விவரம் அவ்வளவு முக்கியமாக என்ன செய்துவிடும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த நாளின் சண்டையைப் படித்தபோது கருத்தை மாற்றிக்கொண்டேன்.

பல கோர்கள் கொண்ட அலெக்சாண்டர் ஃபான் க்ளுக்கின் முதலாம் ராணுவத்தில் சேர்ந்த இந்தக் கோர், பெல்ஜியத்தில் ஒரு பிரிகேடை (டிவிஷனைவிடச் சிறிய பிரிவு) காவலுக்கு விட்டுவிட்டுத் தெற்கே நடந்தது. ஆகஸ்ட் 26 அன்று ல கத்தோ போரில் பிரிட்டிஷ் படையின் இடது பக்கத்தை அது எட்டியபோது நாள் சாயத் தொடங்கிவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் க்ளுக் தன் முழுநேரக் கோர்கள் அனைத்தையும் மார்ன் ஆற்றைக் கடந்து தென்கிழக்கே பாய விட்டார். ஆற்றின் வடக்கே, பாரிஸை நோக்கிய பக்கத்தைக் காக்க அவர் விட்டுவைத்தது க்ரோனாவின் கோரையும், நேரியில் செப்டம்பர் 1 அன்று பிரிட்டிஷாரிடம் அடிபட்டு மெலிந்திருந்த 4-ஆம் குதிரைப்படை டிவிஷனையும் மட்டுமே. ஒரு முழு ராணுவத்தின் திறந்த விலாவுக்குக் காவலாக, அந்த ராணுவத்திலேயே ஆளும் ஆயுதமும் குறைந்த கோர் நிறுத்தப்பட்டது. க்ளுக்கின் துணிச்சலைப் புகழ்பவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு இது அவருடைய மிகப் பெரிய பிழையாகவே படுகிறது.

செப்டம்பர் 5 காலை மோ நகருக்கு வடக்கே கோர் நகர்ந்துகொண்டிருந்தபோது, மேற்கில் எதிரிப் படைகள் தென்படுவதாகக் குதிரைப்படையிடமிருந்து செய்திகள் வந்தன. அவை பாரிஸ் காவற்படையின் சில்லறை ரோந்துகளா, அல்லது பெரும் படை ஒன்றின் முன்னணியா என்பதைத் தீர்மானிக்க ஒரே ஒரு விமானம் போதுமாயிருந்திருக்கும். முழுநேரக் கோரின் தளபதியாக இருந்திருந்தால் க்ரோனாவ் விமானியை அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பார். அவருக்கு அந்த வசதி இல்லை. மோந்தியோன், பான்ஷார் குன்றுகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காண அவர் முன்னிருந்த ஒரே வழி, தாக்கிப் பார்ப்பது. தாக்கினார். நண்பகல் வாக்கில் அவருடைய பீரங்கிகள் முழங்கின.

குன்றுகளுக்கு அப்பால் இருந்தது ஜெனரல் மோனூரியின் பிரெஞ்சு 6-ஆம் ராணுவம். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃப்ர் ஆணையிட்ட பொது எதிர்த்தாக்குதல் மறுநாள், செப்டம்பர் 6 அன்றே தொடங்குவதாக இருந்தது. அதற்காக ஊர்க் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த மோனூரியின் முன்னணி டிவிஷன்கள், எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத நேரத்தில் குண்டுமழைக்குள் சிக்கின. அவற்றிலும் பெரும்பாலோர் வீட்டிலிருந்து அழைக்கப்பட்ட ரிசர்வ் வீரர்களே. அன்று பிற்பகல் வில்ருவாவை அடுத்த வயல்களில் லெப்டினன்டாகத் தன் ஆட்களை நடத்திச்சென்ற கவிஞர் ஷார்ல் பெகி, 41 வயதில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். இரு தரப்பிலும் சில வாரங்களுக்கு முன்வரை குடும்பமும் தொழிலுமாக இருந்தவர்களே அந்த வயல்களில் மோதிக்கொண்டார்கள் என்பதை நினைக்காமல் அந்தப் பக்கங்களை என்னால் கடக்க முடிவதில்லை.

குன்றுகளைப் பீரங்கிகளால் பிடித்து நிறுத்தி, பிற்பகல் முழுவதும் எதிரியைத் தடுத்துவைத்த க்ரோனாவ், தனக்கு எதிரே நிற்பது தன்னைவிடப் பன்மடங்கு பெரிய படை என்பதை மாலைக்குள் உணர்ந்துகொண்டார். அவர் செய்த இரண்டாவது காரியம் முதலாவதைவிடச் சிறந்தது என்பேன்: வென்ற மண்ணை இரவோடு இரவாக விட்டுவிட்டு, தெரூவான் ஓடைக்குப் பின்னால் பின்வாங்கினார். பெருமைக்காகக் குன்றிலேயே தங்கியிருந்தால் மறுநாள் விடியலில் அந்தக் கோர் சுற்றிவளைக்கப்பட்டிருக்கும்.

அவருடைய எச்சரிக்கை கிடைத்ததும் க்ளுக் 2-ஆம் கோரை அன்றிரவே வடக்கே திருப்பினார். அடுத்து முழுநேர 4-ஆம் கோர், பின்னர் 3-ஆம், 9-ஆம் கோர்கள் வந்தன. பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாகப் பாரிஸின் வாடகைக் கார்கள் சில ஆயிரம் துருப்புகளை ஏற்றிவந்தது இந்தச் சண்டைக்குத்தான். அந்தக் கார்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டதால் நான் நீட்டவில்லை. முதலாம் ராணுவம் மோனூரியிடமிருந்து தப்பியது. ஆனால் அத்தனை கோர்களையும் ஊர்க் பக்கம் இழுத்ததில், முதலாம் ராணுவத்துக்கும் ப்யூலோவின் இரண்டாம் ராணுவத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 கி.மீ. இடைவெளி திறந்துகொண்டது. பிரிட்டிஷ் படை அதற்குள் நுழைந்து செப்டம்பர் 9 அன்று மார்னைக் கடந்தது. அதே நாளில் ஜெர்மானியர்களின் பின்வாங்கல் தொடங்கியது. க்ரோனாவின் தாக்குதல் ஜெர்மானியர்களைக் காப்பாற்றியதா, கவிழ்த்ததா என்று கேட்டால், காப்பாற்றியது என்றே சொல்வேன். இடைவெளி திறந்தது க்ளுக் தன் கோர்களை அனுப்பிய விதத்தால். க்ரோனாவ் மட்டும் வாளாவிருந்திருந்தால் மோனூரியின் ராணுவம் மறுநாள் க்ளுக்கின் முதுகில்தான் இறங்கியிருக்கும்.

பின்வாங்கிய கோர் எய்ன் ஆற்றின் வடகரையில் பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. அதன்பின் போரின் போக்கு கோர் என்ற அமைப்பின் பொருளையே மாற்றிவிட்டது. 1914-இல் கோர் என்பது இரண்டு டிவிஷன்கள் ஒட்டிப்பிறந்த ஓர் உடல். பதுங்குகுழிப் போரில் அது நிலத்தின் ஒரு துண்டைப் பொறுப்பேற்கும் தலைமையகமாகச் சுருங்கியது. டிவிஷன்கள் வரும், சில வாரங்கள் சண்டையிடும், ஓய்வுக்குப் போகும். தலைமையகம் இருந்த இடத்திலேயே இருக்கும். 1916 மார்ச் 6 அன்று வெர்தூனில், மியூஸ் ஆற்றின் மேற்குக் கரையில் தாக்குதல் தொடங்கியபோது, க்ரோனாவுடன் மார்னில் நின்ற அதே 22-ஆம் ரிசர்வ் டிவிஷன் ஆற்றோரச் சரிவுகளில் முன்னேறியது. அன்று அது 6-ஆம் ரிசர்வ் கோரின் கீழ், 12-ஆம் ரிசர்வ் டிவிஷனின் பக்கத்தில் நின்று போரிட்டது.