ராமேஸ்வரம் பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கியவர்கள்

ஜனவரி 22, வியாழன். ராமநாதபுரம்

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் எங்களோடு ஏறிய கூட்டத்தில் முக்கால்வாசி ராமேஸ்வரத்துக்கு. ராமநாதபுரம் அவர்களுக்கு டீ குடிக்கிற இடம். நாங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கியதைப் பார்த்து, பக்கத்து சீட் அம்மா "இங்கயேவா?" என்று கேட்டுவிட்டார். ஆமாம், இங்கேயேதான். நான், சித்தி, காலேஜ் முதல் வருஷம் படிக்கிற என் பையன்.

கணக்கு எளிது. திங்கள்கிழமை குடியரசு தினம். சனி, ஞாயிறோடு சேர்ந்து வருவதால் ராமேஸ்வரத்தில் ரூம் வாடகை ஏறிக் கிடக்கும். இங்கே பஸ் ஸ்டாண்டைச் சுற்றி சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. தேவிபட்டினம், திருப்புல்லாணி, கீழக்கரை என்று எந்தக் கடற்கரைக்கும் இங்கிருந்தே பஸ். முன்பக்கம் பிங்க் அடித்த டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். "செலவு வைக்கிறவன் நீ ஒருத்தன்தாண்டா" என்று சித்தி பையனை இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் ராமலிங்க விலாசம். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனை, இப்போது தொல்லியல் துறையின் கையில். டிக்கெட் காசு பெரிய விஷயமே இல்லை. 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்க வந்தது இங்கேதான். பையனுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அவனை நிறுத்தி வைத்தவை சுவர் ஓவியங்கள். தரையிலிருந்து கூரை வரை இடம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். ஒரு சுவரில் ராமாயணம், ஒரு சுவரில் தஞ்சை மராத்தியர்களோடு சண்டை, இன்னொன்றில் ஐரோப்பியர்களை வரவேற்கும் சேதுபதி. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களைத் தேடிப் பிடிப்பது நல்ல விளையாட்டு. வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள், உள்ளே இருட்டு.

ஜனவரி 23, வெள்ளி. தேவிபட்டினம், காரங்காடு

இன்று கீழக்கரை வேண்டாம் என்று முடிவு. ஜும்மா நாளில் பள்ளிவாசல் பார்க்கப் போகிறேன் என்று நிற்பது மரியாதை இல்லை.

தேவிபட்டினத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். கடலுக்குள் ஒன்பது கல் தூண்கள், நவபாஷாணம். இலங்கைக்குப் போகும் முன் ராமர் நவக்கிரகங்களாக நட்டு வணங்கினார் என்பது ஐதீகம். போன ஞாயிறு தை அமாவாசை. அன்றைக்கு வந்திருந்தால் கால் வைக்க இடம் இருந்திருக்காது. இன்று ஐயர்மார் கூட வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சித்தி சுற்றி வந்தாள், நான் பாலத்திலேயே நின்றுகொண்டேன். தண்ணீர் கலங்கல். வாடைக் காற்று முகத்தில் அறைந்தது. கோயில் நம்பிக்கை இல்லாதவர்கள் இதற்காகத் தனியாக வர வேண்டாம். போகிற வழியில் அரை மணி நேரம் போதும்.

உண்மையான விஷயம் அதற்கு வடக்கே. தொண்டி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏறி (இதில் டிக்கெட்டுக்குக் காசு உண்டு, சித்திக்கு வருத்தம்) காரங்காடு விலக்கில் இறங்கினால், உள்ளே மீனவர் ஊர். கோட்டக்கரை ஆறு கடலில் சேருகிற இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். துடுப்புப் போடத் தெரிந்தவர்களுக்குக் கயாக்கும் உண்டு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற்றுவதில்லை. திறந்த கடலில் அலை அடித்தாலும் இந்த வாய்க்காலுக்குள் தண்ணீர் அசையவில்லை. இரண்டு பக்கமும் சேற்றுக்குள்ளிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மண்ணுக்குள் காற்று இல்லாததால், மூச்சு விட வேர் மேலே வருகிறதாம்.

படகுக்கார அண்ணன் ஒரு இலையைக் கிள்ளி, "தம்பி, அடியில நக்கிப் பாருங்க" என்றார். பையன் நக்கினான். உப்பு! இலையின் அடிப்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பொடிப் பொடியாகப் படிகம் மின்னுகிறது. வேர் வழியாக உள்ளே போகிற உப்பை இந்த மரம் இலை வழியாகத் தள்ளிவிடுகிறது. பன்னிரண்டு வருஷம் பயாலஜி புத்தகத்தில் ஏறாதது ஒரு நக்கில் ஏறிவிட்டது.

சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாங்கள் லாட்ஜ் பக்கம் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தோடு முடித்துக்கொண்டோம். குழுவாக வந்தால் படகுக் கட்டணம் பிரிந்துபோகும். இரண்டு பேராக வருகிறவர்கள் கரையில் கொஞ்சம் காத்திருந்து வேறு குடும்பத்தோடு சேர்ந்துகொள்வது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஜனவரி 24, சனி. கீழக்கரை

இந்தப் பயணமே இந்த ஊருக்காகத்தான். ராமநாதபுரத்திலிருந்து பதினேழு பதினெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும். முத்தும் சங்கும் ஏற்றிய துறைமுகம், மரைக்காயர்கள் என்கிற முஸ்லிம் வணிகர்கள் கப்பல் விட்ட ஊர். சுற்றுலா என்று சொன்னால் ஒருவர் வாயிலும் இந்தப் பெயர் வருவதில்லை. வராததுதான் நமக்கு வசதி.

விடிந்தும் விடியாமலும் கடற்கரைக்குப் போய்விட்டோம். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. மீனைக் கூடை கூடையாக மணலில் கொட்டி ஏலம். ஏலம் விடுகிறவர் வாய் ஓயவில்லை. வாங்குகிறவர்களோ பேசுவதே இல்லை, கண்ணாலும் தலையாலும்தான் விலை ஏறுகிறது. ஒரு பாறை மீன், பையனின் கை நீளம், இன்னும் செவுள் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தாடையைத் தூக்கினார், அதோடு போய்விட்டது. சித்தி ஏலத்தில் நிற்கவில்லை. ஏலத்தில் எடுத்த ஒரு அக்காவிடம் போய்க் கூறு கட்டிய நண்டைப் பேரம் பேசினாள். அந்த அக்கா சித்தியை ஏற இறங்கப் பார்த்து, "மதுரையா?" என்றார். பேரம் படியவில்லை என்று நினைத்தேன். ஒரு நண்டைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தார்.

நண்டைச் சமைக்க? மெஸ் நடத்துகிற ஒரு வீட்டில் கேட்டோம். மசாலாவுக்கும் விறகுக்கும் கூலி கொடுத்தால் போதும் என்றார்கள். எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, கேட்டுப் பாருங்கள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை எல்லாரும் காக்கா (இங்கே அண்ணன் என்று அர்த்தம்) என்று கூப்பிட்டார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நேற்று தேவிபட்டினத்தில் கலங்கல், இங்கே குளமாகக் கிடக்கிறதே, ஏன் என்று கேட்டேன்.

"அது வடகடல்மா, இது தென்கடல். இப்ப வாடை. வாடையில அது அடிக்கும், இது படுத்துக் கெடக்கும். வைகாசிக்கு மேல கச்சான் கெளம்பட்டும், இங்க நிக்க முடியாது, அங்க போய்ப் பாருங்க, தண்ணி அசையாது. படகையே அந்தப் பக்கம் கொண்டுபோறவங்க இருக்காங்கல்ல."

கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. இந்த மாவட்டத்துக்கு எப்போது வரலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மார்கழி, தையில் வந்தால் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று தென்கரை. ஆனி, ஆடியில் வந்தால் தேவிபட்டினம், தொண்டி என்று வடகரை. வடகடலான பாக் விரிகுடாவும் தென்கடலான மன்னார் வளைகுடாவும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால், ஏதோ ஒரு கரை எப்போதும் நமக்காக அமைதியாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் மீன் விலை ஏறிவிடும், சாப்பாட்டு ராமன்கள் தவிர்க்கவும்.

எதிரே அப்பா தீவு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. 'சும்மா ஒரு ரவுண்டு' கூட்டிப்போகிறேன் என்று யாராவது வருவார்கள். போகாதீர்கள். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்த காலம் போய், இப்போதுதான் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

பிறகு பழைய ஜும்மா பள்ளி. இஸ்லாம் தோன்றிய காலத்திலேயே கட்டியது என்று ஊர் நம்புகிறது. வயது எதுவானாலும் கல் வேலை நம்மூர் கைதான். நானும் சித்தியும் வெளியில் நின்றோம். பையன் அனுமதி கேட்டு, கால் கழுவி, உள்ளே போய்விட்டு வந்து, "கோயில் மண்டபம்மா, சாமி மட்டும் இல்ல" என்றான். தூண்களில் உருவங்களுக்குப் பதிலாகப் பூவும் கொடியும். நடுத்தெருவில் வள்ளல் சீதக்காதி எழுப்பிய பள்ளிவாசல், அவர் காலம் 17ஆம் நூற்றாண்டு. கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர், உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறவர் இங்கே நிஜமாக ஒரு தெருக்காரர்.

வெயிலுக்கு முன் தெருக்களில் நடந்தால் போதும், காசே தேவையில்லை. பெரிய வீடுகள், நடுவே ஆள் உரசிப் போகிற சந்துகள். கேமராவைத் தூக்காதீர்கள். அந்தச் சந்துகள் பெண்கள் புழங்குகிற வழி.

கடைசியாகத் தொதல் என்கிற இனிப்பு. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. சேர்மானம் இவ்வளவுதான், ஆனால் மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். ஒரு கடைக்குப் பின்னால் கிண்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க விட்டார்கள். ஆள் உயரத் துடுப்பு, அடிப்பிடிக்கக் கூடாது என்று கையை நிறுத்தவே இல்லை. மாவு முதலில் தொளதொளவென்று இருந்து, கறுத்து, இறுகி, கடைசியில் சட்டியை விட்டுச் சுருண்டு வரும்போது தேங்காய் எண்ணெய் ஓரமெல்லாம் கக்குகிறது. நெய் ஊற்றியிருக்கிறார்கள் என்று சத்தியம் செய்யலாம், ஒரு சொட்டு இல்லை. கால் கிலோ வாங்கினோம். பஸ் ஏறும்போது பொட்டலம் காலி.

ஜனவரி 25, ஞாயிறு. திருப்புல்லாணி, சேதுக்கரை

சோம்பல் நாள். கீழக்கரை போகிற வழியிலேயே திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ராமர் தர்ப்பைப் புல் மேல் படுத்திருக்கிறார். பாயசப் பிரசாதம் சித்திக்கு, குளக்கரை நிழல் எனக்கு. சேதுக்கரை கடலில் கால் நனைத்தோம். ரோட்டோரம் மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு. நாரை உரித்து உரித்துத் தின்றதில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம்.

ஜனவரி 26, திங்கள். பாம்பன்

தனுஷ்கோடிக்கு இன்று போகிறவர்களுக்கு என் அனுதாபங்கள். நாங்கள் பாம்பனோடு நின்றுகொண்டோம்.

சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டுகிறது. நடந்து போகிறவர்களை யாரும் கேட்பதில்லை. கீழே ரயில் பாலங்கள்: 1914இல் திறந்த பழையது, 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. பக்கத்திலேயே 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதியது. பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து கை தூக்கி வந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் போல 17 மீட்டர் மேலே போகும். கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள், நேரம் பார்த்து வர முடியாது. ரயில் கடப்பதைப் பார்க்க அட்டவணை போதும். பையன் ரயிலை வீடியோ எடுத்தான். நான் வடக்கும் தெற்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காக்கா சொன்னது கண் முன்னால்: வடக்கே வெள்ளை வெள்ளையாக அலை, தெற்கே தட்டை.

பாம்பனிலிருந்து ஆட்டோ பேசிக் குந்துகால். சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897இல் இதே ஜனவரி 26 அன்று இந்தக் கரையில்தான் இறங்கினார். அவரை அமெரிக்கா அனுப்ப உதவிய பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். நினைவு மண்டபத்தில் கூட்டம் அதிகமில்லை. பின்னால் போய் உட்கார்ந்தால் குருசடைத் தீவு தெரியும், காற்று சும்மா கிடைக்கும்.

ஜனவரி 27, செவ்வாய். வாலிநோக்கம்

ஏர்வாடியில் இறங்கித் தர்காவில் கொஞ்ச நேரம். மன நோய்க்கு வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். இதை வேடிக்கை பார்க்கிற இடமாக நினைத்து வராதீர்கள். அங்கிருந்து வாலிநோக்கம்.

உப்பளம் பார்க்க வேண்டும் என்பது பையனின் ஆசை. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள் இந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரை. மழை இப்போதுதான் ஓய்ந்திருப்பதால் உப்பு விளையவில்லை. பாத்தியை மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை மலைகளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் வாருங்கள். ஆனால் அந்த வெயிலில் வேலை செய்கிற பெண்களிடம் போஸ் கேட்காதீர்கள்.

கடற்கரை சுத்தம், ஆள் இல்லை, கடை இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். திரும்பும்போது சித்தி கருவாடு வாங்கினாள்: நெத்திலி, சீலா, கொஞ்சம் காரல். மூன்று பாலிதீன் பை போட்டுக் கட்டியும் பஸ்ஸில் மணம் அடித்தது. கண்டக்டர் முகம் சுளித்தார். "இலவச டிக்கெட்டுல இவ்வளவு சரக்கா அக்கா?" சித்தி அசரவில்லை. "தம்பிக்கு டிக்கெட் எடுத்திருக்கோம்ல, சரக்கு அவனோடது." பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பை அவன் மடியில்.

நாளை காலை மதுரை பஸ். ரூம் சாவியை இன்றிரவே கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.