சனையாவில் காலை நான்கு மணி

கத்தாரில் இருக்கிற தோஹாவுக்குப் புறப்படுகிறவனிடம் ஊரில் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் சொல்லி அனுப்புவார்கள். வெயிலுக்கு இங்கே சட்டம் இருக்கிறது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெட்டவெளியில் யாரிடமும் வேலை வாங்கக் கூடாது. மனசு சோர்ந்துபோகிற நேரத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. புதிதாக வருகிற தம்பிகளுக்காக அதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். தொழிற்பேட்டைப் பகுதியில், நாங்கள் சனையா என்று சொல்கிற இடத்தில், ஒரு கட்டுமான கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன். ஊரில் விசுவாசம் என்பது நான் தனியாகச் சுமந்த ஒன்றே இல்லை. கோயில் மணி எழுப்பிவிடும். ராத்திரி அம்மா பாய் விரித்துக் குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிடுவாள். ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை என்றால் திங்கள்கிழமை நாலு பேர் விசாரிப்பார்கள். இங்கே ஜெபிக்காமல் படுத்தாலும் கேட்க ஆளில்லை, குடித்துவிட்டுப் படுத்தாலும் கேட்க ஆளில்லை. வந்த புதிதில் அந்தச் சுதந்திரம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்புறம் சம்பளம் தாமதமாக வர ஆரம்பித்தது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. போனில் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் தாங்க முடியாது. அந்த நாட்களில்தான் ஸ்கிராப் எடுக்க வருகிற ஒருவன் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். கேபிள் டிரம்மிலிருந்து தேவையான நீளத்தை வெட்டிய பிறகு கட் பீஸ் மிஞ்சும். செம்புக்கு எப்போதும் விலை உண்டு. கேட் பாஸில் எடை எழுதிக் கையெழுத்துப் போடுவது நான். “எடையைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் போதும், மிச்சத்தில் பாதி உனக்கு” என்றான். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. எல்லா ஸ்டோரிலும் நடப்பதுதான் என்பதுபோல் பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தான். சம்பளம் தராத கம்பெனிதானே, என் கூலியை நானே எடுத்துக்கொண்டால் என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. சோதனை பெரும்பாலும் இப்படித்தான் வரும், நியாயத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு.

அன்று காலை நான்கு மணிக்கு, பஸ் வருவதற்கு முன்னால், கட்டிலின் கீழ்த்தட்டில் போன் வெளிச்சத்தில் வாசித்த பகுதி 1 கொரிந்தியர் 10. “சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்” என்ற வசனம் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். ஆனால் அந்தப் போக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் யோசித்தேன். “இன்ஜினியர் வரட்டும், அவர் முன்னாலேயே எடை போடலாம்” என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். அடுத்த நாளே இன்ஜினியரிடம் பேசி, ஸ்கிராப் வெளியே போகும் கேட் பாஸில் அவர் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். வேதத்தில், போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்து வஸ்திரத்தைப் பிடித்தபோது யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். சில இடங்களில் மனபலத்தை நம்பி நிற்பதைவிட, தவறுக்கு வழியே இல்லாமல் அடைத்துவிடுவதுதான் நல்லது. ஜெபித்துவிட்டு வழியைத் திறந்தே வைத்திருப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

சோர்வு வேறு விதம். அதற்கு எதிரே உட்கார்ந்து பேரம் பேச ஆள் கிடையாது. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல், வேதத்தையும் திறக்காமல் படுத்துக் கிடந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் நாகர்கோவில் அண்ணன் ஒருவர், இருபது வருஷத்துக்கும் மேலாக வளைகுடாவில் இருப்பவர். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தட்டில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்து, “எழும்பு மக்கா, முதல்ல சாப்பிடு. எலியாவுக்கே ஆண்டவர் அடையும் தண்ணியும்தான் முதல்ல குடுத்தாரு” என்றார்.

சாப்பிட்ட பிறகு 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து பார்த்தேன். சூரைச்செடியின் கீழ் “போதும் கர்த்தாவே” என்று சொன்ன எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்பினான். அவன் சாப்பிட்டுத் திரும்பப் படுத்தபோது, இரண்டாம் முறையும் வந்து எழுப்பினான். “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று அப்போதுதான் சொன்னான். சோர்ந்துபோனவனைப் பார்த்து ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று சொல்லும் பழக்கம் நம் சபைகளில் உண்டு. அந்த அதிகாரத்தை வாசித்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் அன்றுதான் எங்கள் ஆராதனை. மெசைமீர் பகுதியில் அரசு ஒதுக்கிய இடத்தில் எல்லாச் சபைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 2008-இல் திறந்த கத்தோலிக்க ஜெபமாலை மாதா ஆலயமும் அங்கேதான். வெளிச்சுவரில் சிலுவை கிடையாது, மணியும் கிடையாது. உள்ளே போனால் ஒரு கூடத்தில் மலையாளம், இன்னொன்றில் பிலிப்பைன்ஸ்காரர்களின் பாட்டு, அப்புறம் நம் கீர்த்தனை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால் அந்த ராகத்தைக் கேட்டு அழாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை ஆராதனையை வைத்து அடுத்த வியாழன் வரை தள்ளிவிட முடியாது. வனாந்தரத்தில் ஆண்டவர் அன்றன்றைக்குக் கொடுத்த ஆகாரமான மன்னாவை மறுநாளுக்குச் சேர்த்து வைத்தவர்களுக்குப் புழுதான் மிஞ்சியது. அந்தந்த நாளுக்கு அந்தந்த நாளின் வசனம் வேண்டும். நாங்கள் அறையில் மூன்று பேர், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், பத்து நிமிஷம். உடம்பு முடியாதவன் படுத்துக்கொண்டே கேட்பான்.

சம்பளப் பாக்கிக்கும் இதையே செய்தோம், அதாவது ஜெபித்தோம், மனுவும் கொடுத்தோம். சம்பளம் கெடு தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும் என்பது இந்த நாட்டின் விதி. அது தெரியாமல் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் பதிந்தபோது அந்த அண்ணன் முன்னால் நின்றார். பணம் மொத்தமாக வரவில்லை, தவணை தவணையாக வந்து முடிந்தது. ஊரில் கடன் இன்னும் பாதி இருக்கிறது.

போன மாதம் மேல்கட்டிலுக்குச் சாத்தான்குளத்துத் தம்பி ஒருவன் வந்திருக்கிறான். ராத்திரியெல்லாம் போனில் ரம்மி ஆடுகிறான், யாரிடமும் பேசுவதில்லை. அவனை இன்னும் ஜெபத்துக்குக் கூப்பிடவில்லை. இப்போதைக்குச் சோற்றுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.