பசியடக்கும் வார ஊசி: டோஸ் ஏற்றும்போது தெரிந்திருக்க வேண்டியவை

செமாக்ளூடைட் ஊசி என்றதும் எல்லோரும் கேட்பது, எத்தனை கிலோ குறையும் என்றுதான். டோஸை எப்போது ஏற்றுவது என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. அவசரப்பட்டு ஏற்றினால் வாந்தியில் போய் முடியும்.

வாரத்துக்கு ஒரு ஊசி. முதல் நாலு வாரம் 0.25 மி.கி. இது எடை குறைக்கிற அளவே இல்லை, வயிற்றைப் பழக்குவதற்கு மட்டும்தான். அதன்பின் நாலு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. ஒரு படியில் குமட்டல் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி அதே அளவில் இன்னும் நாலு வாரம் இருங்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: முன்பு கணைய அழற்சி வந்தது, பித்தப்பைக் கல், குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய். சுகருக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தடாலென்று இறங்கலாம், அந்த மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் 2 மாதம் முன்பே ஊசியை நிறுத்திவிட வேண்டும்.

மருந்து நிரப்பி வரும் ஊசிப் பேனா புதிதாக இருக்கும்போது அதை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிற்றில், அல்லது தொடையில் போடலாம். பேனாவில் தெரியும் டோஸ் எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஆறு வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். உடனே உருவினால் மருந்து தோலுக்கு மேலே துளியாக வந்து நிற்கும். போட்டு முடித்த ஊசி முனையைப் பேனாவிலேயே விட்டு வைத்தால் மருந்து கசியும், காற்றும் புகும்.

சாப்பாட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். இந்த மருந்தில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் இறங்கினால் காலையிலும் அங்கேயே கிடக்கும். அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வரும். மூன்றாவது இட்லியில் போதும் என்று தோன்றினால் அங்கேயே கையைக் கழுவுங்கள், தட்டில் மிச்சமிருக்கிறதே என்று பார்க்காதீர்கள். முதலில் முட்டை, மீன், சுண்டல், அப்புறம் சாதம். பசிக்கவில்லை என்று டீ பிஸ்கட்டிலேயே நாளை ஓட்டினால் கொழுப்போடு தசையும் கரையும், முடியும் கொட்டும். தாகமும் குறைவதால் தண்ணீரும் மோரும் நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மலம் கட்டிக்கொள்ளும்.

மேல்வயிற்றில் கடுமையாக வலித்து, முதுகுக்கும் பரவி, விடாமல் இருந்தால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபரேஷனோ எண்டோஸ்கோபியோ இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ஊசி போடும் நாளை மறந்துவிட்டால், அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் உடனே போடலாம். இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகப் போடவே கூடாது.

செலவு தாங்காமல் மூலிகை மாத்திரைக்கு மாறுபவர்களும் உண்டு. அப்படி விற்கப்படும் சிலவற்றில் சிபுட்ராமின் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக்காக இந்தியா 2011-இல் தடை செய்த மருந்து அது. ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும். ஸ்டெப் 1 என்ற செமாக்ளூடைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தவர்களுக்கு, நிறுத்திய ஒரே வருடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. எத்தனை வருடம் போட முடியும், மாதச் செலவு கட்டுப்படியாகுமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே டாக்டரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.